சிவப்பு மாத்திரைக்கு ஏழு வீடு

எங்கள் மாவட்டத்தின் முதல் ஆஸ்பத்திரிக் கதவில் 'நெருப்போடு உள்ளே வராதே' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரி ஆவதற்கு முன்னால் அது கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு. காய்ச்சலோடு வந்த ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டார். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, கொஞ்சம் ஆறியதும் உள்ளே வருகிறேன் என்றாராம். டாக்டர் வெளியே வந்து அங்கேயே ஊசி போட்டார். அதற்குப் பிறகும் அந்த எழுத்தை அழிக்கவில்லை. சிகரெட் பிடிக்கிறவர்கள் அதைப் பார்த்ததும் அணைத்துவிட்டு வந்தார்கள். அந்த ஒரு லாபத்துக்காக அவர் அதை விட்டுவைத்தார்.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் மாவட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம். பாடப்புத்தகத்திலேயே எங்களுக்கு ஒரு பத்திக்கு மேல் கிடைக்கவில்லை: கல் உண்டு, மழை இல்லை, ஒரு ரயில் பாதை உண்டு. பரீட்சையில் இதற்கு இரண்டு மதிப்பெண். அதையும் விட்டவர்கள் இருக்கிறார்கள். யார் என்று கேட்கக் கூடாது.

அந்தக் கல்லை எடுக்க ஒரு கம்பெனி வந்தது. எங்கெங்கிருந்தோ ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. நெருப்புப்பெட்டிகளை அடுக்கியது போல வரிசைக்கு ஏழு வீடு கட்டியது. வரிசைக்கு ஒரு தண்ணீர்க் குழாய் போட்டது. பிறகு கல் விலை விழுந்ததும் மேனேஜர் முதல் மேனேஜர் வீட்டு நாய் வரை எல்லோரும் ரயிலேறிப் போய்விட்டார்கள். கொண்டுவந்த ஆட்களைத் திருப்பி ஏற்றுவது மட்டும் மறந்துபோயிற்று.

மிச்சமிருந்தது கம்பெனிக் கடையில் சில மூட்டை மாவு. அடிதடி நடந்திருக்க வேண்டிய இடம் அது. நடக்கவில்லை. யாரோ ஒரு தகரக் குவளையை எடுத்துவர, தலைக்கு இவ்வளவு என்று அளந்தார்கள். கைக்குழந்தைக்கும் ஒரு குவளை, மேனேஜரிடம் உளவு சொன்னவனுக்கும் ஒரு குவளை. அந்தக் கெட்ட காலத்தில் பட்டினியால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. பின்னால் சின்னச் சின்ன கான்ட்ராக்டர்கள் வந்து குவாரியைத் திறந்தார்கள், கூலி வந்தது, கடைகளும் வந்தன. ஆனால் பங்கு போடுவது மட்டும் நிற்கவில்லை. வரிசைக்குள் எது வந்தாலும் ஏழு வீட்டுக்கும் போகும். ஒளித்து வைத்துத் தின்கிறவனை 'சுவரைப் பார்த்துத் தின்கிறவன்' என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதைவிட மோசமான வசவு கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

இப்படிப்பட்ட இடத்துக்கு அரசாங்கம் ஒரு டாக்டரை அனுப்பியது. முதலில் வந்தவர் பிளாட்பாரத்தில் இறங்கி, ஒரு தடவை சுற்றிப் பார்த்து, அதே ரயிலில் ஏறிக்கொண்டார். இரண்டாமவர் இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. மூன்றாவதாக வந்தவர்தான் நம்ம ஆள். அவருக்கும் திரும்பிப் போகும் எண்ணம்தான் இருந்தது, அதை அவரே சொல்வார். ஆனால் அவர் இறங்கிய நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவிக்குப் பிரசவ வலி. காத்திருக்கும் அறையின் மர பெஞ்சில் டாக்டர் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெளியே ஸ்டேஷன் மாஸ்டர் கைநடுக்கத்தில் பச்சைக் கொடியைக் காட்டிவிட்டார். ரயில் போய்விட்டது. நடுக்கத்திலா வேண்டுமென்றா என்று இன்றைக்கும் இங்கே இரண்டு கட்சி உண்டு.

கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. வெடிமருந்துக்குக் காற்று எதற்கு? டாக்டருக்கோ காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும். என் பெரிய மாமாவைக் கூப்பிட்டார். மாமா, அதாவது என் அம்மாவின் மூத்த அண்ணன், குவாரியில் வெடி வைக்கிறவர். வெடிச் சத்தத்தில் பாதிக் காது போனவர். ஒரு சின்ன ஓட்டை போதும் என்று டாக்டர் கையால் அளவு காட்டினார். மாமாவுக்கு அளவு சரியாகத்தான் புரிந்தது, மருந்துதான் கொஞ்சம் கூடிப்போயிற்று. புகை அடங்கியபோது கிழக்குச் சுவரில் பாதி இல்லை. அதனால்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் ஜன்னல் கதவைவிடப் பெரியது. மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். டாக்டர் சட்டையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு, "காத்து நல்லா வருது" என்று மட்டும் சொன்னாராம். அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதர்கள்.

டாக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் 'முழுசு'. எந்த மருந்தைக் கொடுத்தாலும், "முழுசா முடிக்கணும், பாதியில விடக் கூடாது" என்பார். கதவு வரைக்கும் வந்து இன்னொரு தடவை சொல்வார். தெருமுனை திரும்பும்போது அந்தப் பெரிய ஜன்னல் வழியாகவும் சொல்வார். ஜனங்கள் தலையாட்டுவார்கள். ஆனால் காய்ச்சல் போன வேகத்தில் திரும்பி வரும், ஆறிய புண் மறுபடி சீழ் பிடிக்கும். மருந்து மட்டமா, தண்ணீர் மோசமா, தன் படிப்பே மோசமா என்று அவர் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா இரும ஆரம்பித்தாள்.

அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது. பெற்றவர்கள் இல்லை, மாமாவும் அத்தையும்தான் வளர்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஜல்லி சலிக்கிற இடத்துக்குப் போவாள், கல் தூசி பவுடர் மாதிரி முகத்தில் அப்பியிருக்கும். இருமல் முதலில் எல்லோருக்கும் இருக்கிற இருமல்தான். பிறகு சாயங்காலமானால் காய்ச்சல். பிறகு துப்பியதில் ரத்தம். டாக்டர் சளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பூதக்கண்ணாடிப் பெட்டியில் நெடுநேரம் பார்த்தார். காசநோய். ஆனால் முகத்தைத் தொங்கப்போடவில்லை. இதற்கு இப்போது நல்ல மருந்து வந்திருக்கிறது, தினமும் விடாமல் சாப்பிட்டால் போயே போய்விடும் என்று மாமாவின் நல்ல காது பக்கமாகச் சொன்னார். பெரிய நகரத்துக்கு எழுதிப்போட்டு, ரயிலில் மருந்து வரவழைத்தார். வெள்ளை மாத்திரைகள், கூடவே பளபளவென்று ஒரு சிவப்பு மாத்திரை. மாதத்துக்கு உண்டானதை மாமா கையில் கொடுத்து, முழுசா முடிக்கணும் என்று மூன்று இடத்தில் நின்று சொன்னார்.

சில வாரம் கழித்து மாமா ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பாதிக் காது போனவர் ரகசியம் பேசினால் பக்கத்து ஸ்டேஷன் வரை கேட்கும். டாக்டரிடம் தனியாக ஒரு விஷயம் என்று அவர் ஆரம்பித்ததும் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விஷயம் இதுதான்: மாமாவுக்கு மூத்திரம் சிவப்பாகப் போகிறது.

டாக்டர் பதறிப்போய் வலி இருக்கிறதா, எரிச்சல் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கும் அப்படித்தான்." கொஞ்சம் தயங்கி இன்னொரு குரலும் வந்தது. எல்லோரும் ஒரே வரிசை ஆட்கள். பாதிப் பேர் வெட்கத்தில் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

டாக்டர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அந்தச் சிவப்பு மாத்திரை சாப்பிட்டால் மூத்திரம் அந்த நிறத்தில்தான் போகும். ஒரே வரிசையில் இத்தனை பேருக்கு என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர். தங்கச்சி மாத்திரைல என் பங்கு, அவ்வளவுதான்" என்றார் மாமா.

பங்கு போட்டிருக்கிறார்கள். ரயிலேறி வந்த மருந்து, அதுவும் பளபளவென்று இருக்கிற மருந்து, ஒருத்திக்கு மட்டும் எப்படி? ஒரு நாள் மாத்திரை ஒரு வீட்டுக்கு என்று போயிருக்கிறது. வீட்டுக்குள் யாருக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லையோ அவர்களுக்கு. முழங்கால் வலிக்குக்கூட ஒருவர் விழுங்கியிருக்கிறார். நன்றாக இருந்தது என்று வேறு சொன்னார். வெள்ளை மாத்திரையை யாரும் அவ்வளவாகச் சீண்டவில்லை; பார்க்கச் சாதாரணமாக இருந்ததாம்.

டாக்டருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காய்ச்சல் ஏன் திரும்பி வந்தது, புண் ஏன் ஆறவில்லை என்று இத்தனை காலம் தேடிய பதில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ அவளுக்கு?"

"அவளை விடுவோமா டாக்டர்? அவளுக்கும் ஒரு பங்கு உண்டு" என்றார் மாமா, பெருமையாக.

அவள் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது வாரத்துக்கு ஒன்றோ, அதுவும் இல்லையோ. இருமல் கூடியிருந்தது. துப்பினால் ரத்தமும் கூடியிருந்தது. டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, மாமாவின் நல்ல காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசினார். "இந்த மருந்து அரைகுறையா உள்ள போச்சுன்னா கிருமிக்கு இது பழகிடும். அப்புறம் அள்ளிக் கொடுத்தாலும் கேக்காது. இதுக்கு மேல கொடுக்க என்கிட்ட வேற மருந்து இல்ல. பழகிடுச்சா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது."

மாமா வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

டாக்டர் மறுபடி நகரத்துக்கு எழுதி மருந்து வாங்கினார். இந்தத் தடவை யாரையும் நம்பவில்லை. மாத்திரையெல்லாம் ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டு. அம்மா தினமும் காலையில் குவாரியைச் சுற்றி நடந்து வர வேண்டும், அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். அம்மா வந்தாள், விழுங்கினாள், போனாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு நாள் அத்தை ஒரு போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து மேஜை மேல் விரித்தாள். வீட்டின் கடைக்குட்டி ராத்திரி நனைத்தது. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக ஒரு தேசப்படம்.

அந்தக் கடைக்குட்டி இப்போது ரயிலில் டிக்கெட் பரிசோதகர். இந்தக் கதையை அவர் முன்னால் எடுத்தால் டிக்கெட் இருந்தாலும் அபராதம் போடுவார்.

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். கடைக்குட்டிக்கு இருமல் இருந்ததாம். டாக்டர் அவனைப் படுக்கவைத்துத் தட்டிப் பார்த்தார், சளியை எடுத்துப் பார்த்தார், வெறும் ஜலதோஷம். அதற்குப் பிறகு அவருக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை மேஜையில் வீசினார். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணன் புள்ளைங்க இருமிக்கிட்டு சுத்திச் சுத்தி வருதுங்க டாக்டர். நான் மட்டும் எப்படி முழுங்கறது? சுவரைப் பாத்துத் தின்ற மாதிரி இருக்கு."

"முழுங்கலேன்னா செத்துடுவே."

"தெரியும்" என்றாள்.

இந்த இடத்தை அம்மா எனக்குச் சொல்லும்போது மட்டும் கையில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு சொல்வாள். நானும் அந்த நேரத்தில் கிண்டல் பண்ணுவதில்லை. அவள் அன்றைக்குச் சொன்ன 'தெரியும்' நிஜமாகியிருந்தால் நான் இல்லை. என் பள்ளிக்கூடத்துக்கு அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் டாக்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வரிசைக்கே வந்துவிட்டார். குழாயில் தண்ணீர் வருகிற நேரம். ஏழு வீட்டு வாளியும் வரிசையில் நிற்க, ஏழு வீட்டுப் பெண்களும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு பிரசங்கம் செய்தார். கிருமி, நுரையீரல், எதிர்ப்பு சக்தி என்று என்னென்னவோ சொன்னார். நடுவில் வாளி மாற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் மாத்திரையைப் பங்கு போட்டால் அந்தப் பெண்ணை நீங்களே கொல்வதாக அர்த்தம் என்று சொல்லிவிட்டார்.

அத்தைக்கு அது சுருக்கென்று தைத்தது. வாளியைக் கீழே வைத்தாள். "பங்கு போட வேணாங்கறீங்க, சரி. அப்போ நாங்க அவளுக்கு என்னதான் குடுக்கறது? அவ பாட்டுக்கு ஒரு மூலையில தனியா முழுங்கட்டும், நாங்க கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணுமா?"

ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்றுதான் டாக்டர் வாயில் வந்திருக்க வேண்டும். ஆனால் ஏழு வாளிகளையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். சைக்கிளை விட்டு இறங்கினார்.

"ஆளுக்கு ஒரு நாள் குடுங்க" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவருக்கே அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து மாத்திரைகளை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்காரி கையிலும் ஒரு நாளுக்கு உண்டானதை வைத்தார். இது உங்கள் வீட்டுப் பங்கு, இதை நீங்கள் தின்னக் கூடாது, உங்கள் கிழமை வரும்போது இந்தக் குழாயடியில் எல்லோரும் பார்க்க அவளுக்குக் கொடுக்க வேண்டும், அவள் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும், ஒரு வீடு தவறினாலும் மருந்து மொத்தமும் வீண் என்றார். திங்கட்கிழமை அத்தை, செவ்வாய்க்கிழமை அடுத்த வீடு, அப்படியே ஞாயிறு வரை.

அத்தை உள்ளங்கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தாள். "இப்படிச் சொல்றதுக்கு என்னவாம்?" என்றாள். டாக்டரை அவள் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அம்மாவின் கஷ்டம் அன்றோடு போயிற்று. அவள் யார் பங்கையும் எடுக்கவில்லை. ஏழு வீடும் தன் பங்கை அவளுக்குக் கொடுத்தது. கொடுப்பதை வாங்கிக்கொள்ளத்தான் எங்களுக்குத் தெரியுமே. குழாயடியில் நின்று விழுங்குவாள், வாயைத் திறப்பாள். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் எட்டிப் பார்ப்பார்கள், பல்லில் ஓட்டை இருக்கிறது என்று வேறு சொல்வார்கள். அது போதாதென்று மறுநாள் காலையில், "கலர் வந்துச்சா?" என்று தெருவே கேட்கும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நோயைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

இதில் ஒரே சந்தேகம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரியும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. ஒரு வாளி முந்திவிட்ட சண்டை. குழாய் விஷயத்தில் விட்டுக்கொடுக்காததால் அவளுக்குப் பெயரே 'குழாய்' என்று ஆகியிருந்தது. அவள் வருவாளா என்று வரிசை முழுக்கப் பேச்சு. முதல் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். அத்தையைத் திரும்பியும் பார்க்கவில்லை, மாத்திரையைக் கொடுத்தாள், வாயைப் பார்த்தாள், போய்விட்டாள்.

நடுவில் ஒரு கெட்ட காலம் வந்தது. மாத்திரையின் உக்கிரம் தாங்காமல் அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டல். உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது. இருமல் குறைகிற மாதிரியும் தெரியவில்லை. டாக்டர் தினமும் வந்து முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டுப் போவார். மருந்து கிருமிக்குப் பழகிவிட்டதோ என்ற பயம் அவர் சைக்கிள் ஓட்டுகிற விதத்திலேயே தெரிந்ததாம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அம்மா குழாயடிக்கு வரவில்லை. வீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டு, இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டாள். மாமா கெஞ்சினார். அத்தை திட்டினாள், பிறகு அழுதாள்.

அப்போது 'குழாய்' வந்து வீட்டு வாசலில் நின்றாள். பல வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் படியில் கால் வைக்கிறாள். அத்தையைத் தாண்டி உள்ளே போய் அம்மாவின் பாயில் உட்கார்ந்தாள்.

"இதபாரு, மத்த ஆறு வீடும் குடுத்தாச்சு. நான் குடுக்கலேன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா உங்க அண்ணி காலத்துக்கும் சொல்லிக் காட்டுவா. அதுக்கு என்னை ஆளாக்காதே. நீ முழுங்கற வரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்ல. எனக்கு வீட்டுல ஒரு வேலையும் இல்ல."

வேலை நிறைய இருந்தது. அவள் வாளி குழாயடியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. குழாய், தன் வாளித் தண்ணீர் வீணாகப் போவதைக் கேட்டுக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். அத்தை எழுந்து போய் அந்த வாளியை எடுத்து அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

கோடை முடிவதற்குள் காய்ச்சல் நின்றது. பிறகு இருமல் குறைந்தது. பிறகு அம்மா பசிக்கிறது என்று சொன்னாள். அன்றைக்கு ஏழு வீட்டிலிருந்தும் தட்டு வந்தது, எதையும் திருப்பி அனுப்ப முடியவில்லை. டாக்டர் சளியைப் பார்த்தார், கிருமி தெரியவில்லை. தன் கண்ணையே நம்பாமல் நகரத்துக்கு அனுப்பினார். அவர்களும் இல்லை என்றார்கள். எல்லோரும் குதிக்க, அவர் மட்டும் தன் பழைய பாட்டைப் பாடினார்: முழுசா முடிக்கணும். மேலும் பல மாதம் ஏழு வீடும் கிழமை தவறாமல் கொடுத்தது.

கடைசி மாத்திரை ஒரு திங்கட்கிழமை வந்தது. அத்தையின் கிழமை. ஆனால் ஏழு வீடும் வந்து நின்றது. மாமா குவாரிக்குப் போகவில்லை. அன்றைக்கு அந்த மாவட்டத்தில் ஒரு பாறையும் உடையவில்லை. அம்மா விழுங்கினாள், வாயைத் திறந்தாள், நாக்கைத் தூக்கினாள். டாக்டர் கிட்டே வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"முடிஞ்சுது" என்றார். "முழுசா முடிஞ்சுது. எல்லாரும் வேலையைப் பாருங்க."

யாரும் நகரவில்லை. இத்தனை நாள் காலையில் செய்த வேலை நாளைக்கு இல்லை என்றால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அம்மா நடுவில் நின்று அழுதாள்; அவளைப் பார்க்காத மாதிரி எல்லோரும் வாளியைப் பார்த்தார்கள்.

குழாய்தான் முதலில் பேசினாள். "மூணாவது வரிசையில ஒரு ஆளு ரத்தமா துப்பறானாமே டாக்டர். பொண்டாட்டி புள்ளை இல்லாத ஆளு. அவனுக்கு யாரு கொடுப்பா?"

டாக்டர் அந்த வரிசை ஆட்களுக்கு இனிமேல்தான் சொல்லித்தர வேண்டும் என்றார்.

"அவங்களுக்கு என்ன தெரியும்? நாக்கைத் தூக்கிப் பாக்கத் தெரியுமா?" என்றாள் குழாய். "நாங்க வர்றோம். எனக்கு அதே வெள்ளிக்கிழமை குடுத்துடுங்க."

பின்னால் அந்த முறை மாவட்டம் முழுக்கப் போயிற்று. வரிசைக்கு வரிசை, ஊருக்கு ஊர், குழாயடியிலும் கடைவாசலிலும் ரயில் பிளாட்பாரத்திலும் வாயைத் திறந்து காட்டினார்கள். நகரத்திலிருந்து பெரிய டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டு அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்துக்கொண்டு போனார்கள். அதெல்லாம் பிற்பாடு. அந்தத் திங்கட்கிழமை காலையில் டாக்டர் வெள்ளிக்கிழமை குழாய்க்குத்தான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தபோதே, கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா குறுக்கே வந்தாள். தன் பேரில் இதுவரைக்கும் ஒரு கிழமைகூட இல்லை, அதனால் வாரத்தின் முதல் நாள் தனக்குத்தான் என்றாள். அத்தை, திங்கட்கிழமை பரம்பரையாகத் தன்னுடையது என்றாள். குழாய்க்கு அடியில் இருந்த வாளி நிரம்பி வழிந்துகொண்டிருக்க, ஒரு கிழமைக்காகச் சண்டை சூடுபிடித்தது.